எதிர்வீட்டு ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பும்

காலை ஆறு ஐம்பதுக்கு எதிர்வீட்டு ஸ்கூட்டர் கிளம்பும். ஒரே உதை. அதற்குப் பிறகு சீரான ஓட்டம், கொஞ்சம்போல வெள்ளைப் புகை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் வாயில் பிரஷ்ஷோடு குழாயடியில் நிற்பேன். என் ஸ்கூட்டருக்கு எத்தனை உதை வேண்டும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதினொன்று, பதினான்கு, ஒரு மழை நாளில் முப்பத்தொன்று. அதற்கு மேல் எண்ண மூச்சு இருக்காது.

வயிறு எரியும். இப்போது ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருக்கிறேன், இனி யாருக்கு மறைக்க? எதிர்வீட்டுக்காரன்மேல் எனக்குப் பொறாமை. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் பொறாமை இல்லை, பதினேழு வருடப் பொறாமை.

அவனும் நானும் கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் வேலூர்ப் பக்கத்திலிருந்து மராத்தி ஊருக்குப் பிழைக்க வந்து அதே ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள். ஃபிட்டர் செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சு. கல்யாணமானதும் லைன் வீட்டில் எதிரெதிர் வாசல். ஸ்கூட்டர்கூட ஒரே மாதத்தில்தான் வந்தது. ஒரே கம்பெனி, ஒரே இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரே சாம்பல் நிறம். யாராவது பார்த்தால் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்திருக்கிறார்கள் என்பார்கள்.

ஆனால் அவனுக்கு எல்லாம் அமைந்தது. எனக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே அவனுக்கு ப்ரமோஷன் வந்தது. மராத்தியில் ஜோக் அடிப்பான். நான் மராத்தியில் காய்கறி விலை கேட்டாலே கடைக்காரி ஹிந்திக்கு மாறிவிடுவாள். அவன் வீட்டுத் தயிர்கூடக் கெட்டியாக உறையும். இதற்கெல்லாம் ஒரு மனிதன் பொறாமைப்படுவானா என்றால், பட்டேன். தயிருக்கும் பட்டேன். அதைவிடக் கொடுமை, அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும். ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி எங்கள் ஆணியில்தான் தொங்கும். "மச்சான்" என்று அவன் கூப்பிடும்போது அதில் ஒரு கள்ளமும் இருக்காது. சனியன், அதுவும் எரிச்சல்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் ஸ்கூட்டருக்கு அந்த நோய் வந்தது. கார்புரேட்டர் ஃப்ளட்டிங். பெட்ரோல் குழாயைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே கார்புரேட்டர் நிரம்பி வழிந்து வண்டிக்கு அடியில் சொட்டும். வாசல் கோலத்தின்மேல் எண்ணெய் கலந்த பெட்ரோல் பரவும். எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போய் ப்ளக் நனைந்துவிடும். ப்ளக்கைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, அடுப்பில் காட்டிக் காயவைத்து, மறுபடி மாட்டி, குழாயை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி உதைக்க வேண்டும். கிளம்பினால் தெருவே புகையில் மறைந்துவிடும். ரசத்தில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்பாள் என் மனைவி.

பஜாரில் ஸ்கூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு மிஸ்திரி இருந்தான். அவனிடம் கொடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் நான் ஃபிட்டர் இல்லையா? தலைமயிர் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பீஸைத் திருப்பி அனுப்பும் செக்‌ஷனில் வேலை பார்ப்பவன், தெருவோர மிஸ்திரியிடம் போய் நிற்பதா? எதிர்வீட்டுக்காரன் இரண்டு முறை கேட்டான்.

"மச்சான், நான் ஒரு கை பாக்கட்டுமா?"

"வேணாம். எனக்குத் தெரியும்."

"டென்ஷன் நகோ, டென்ஷன் ஆவாத மச்சான். ரெண்டு பேரும் ஒக்காந்தா சீக்கிரம் முடியும்னுதான் கேட்டேன்."

"அதான் சொல்றேன் இல்ல, தெரியும்னு."

எனக்குத் தெரிந்தது இதுதான். கார்புரேட்டரின் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும், ஃப்ளோட் என்போம். பெட்ரோல் ஏற ஏற அது மேலே வந்து, சின்னப் பித்தளை ஊசி ஒன்றைத் தள்ளி, பெட்ரோல் வரும் ஓட்டையை அடைக்கும். ஊசி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே கோளாறு ஊசியில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஊசியின் நுனியில் மெல்லிய வளையம்போல ஒரு தேய்மானம் தெரிந்தது. புது ஊசி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. எங்கள் செக்‌ஷன்காரன் எவனுக்கும் அது தோன்றாது. தேய்ந்த பீஸைக் கண்டால் எங்கள் கை அதைப் பாலிஷ் போடத்தான் போகும்.

ஃபேக்டரியில் அதற்கென்றே அருமையான பேஸ்ட் இருக்கிறது. ஒரு சிட்டிகை போதும். ஆனால் நான் எடுக்க மாட்டேன். தினமும் சாயங்காலம் கேட்டில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், அதற்காக இல்லை. எடுக்கக்கூடாது என்றால் எடுக்கக்கூடாது. "எங்க வீட்டுக்காரரு கை சுத்தம். ஒரு வாஷர்கூட வீட்டுக்கு வந்ததில்ல" என்று என் மனைவி சொல்லாத இடம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் டீச்சர்களுக்குக்கூட அது தெரியும். புருஷனைப் பற்றிப் பீற்றிக்கொள்ள அவளுக்கு வேறு அதிகம் இல்லை. அது ஒன்றுதான் எதிர்வீட்டைவிட நம் வீட்டில் உசத்தி என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் பல்பொடி. பல்பொடியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, பழைய செருப்பு வாரில் தடவி, ஊசியை விரலுக்கு நடுவில் உருட்டி உருட்டித் தேய்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அந்த மினுமினுப்பைப் பார்த்து எனக்கே பெருமை. மாட்டினால் முன்னைவிட அதிகமாக வழிந்தது.

இதற்கு நடுவில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. என் மனைவி எரவாடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏழரைக்கு உள்ளே இருக்க வேண்டும். நான்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு எட்டு மணி ஷிஃப்டுக்குத் திரும்புவேன். அன்றைக்கு இருபது உதை உதைத்தும் அசையவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. அவள் கைப்பையோடு மணியைப் பார்த்துப் பார்த்து நிற்கிறாள். எதிரே அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான், "மச்சான், தங்கச்சிய நான் வுட்டுட்டு வந்துர்றேன். லேட் ஆவுது பாரு."

தலையை ஆட்டினேன். அவள் அவன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். ஒரே உதை. தெருமுனை திரும்புவதற்குள் அவன் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பது கேட்டது. என் பின்னால் உட்கார்ந்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. தப்பாக எதுவும் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. அவனுக்கு அவள் தங்கச்சிதான். ஆனால் காதில் புகை வந்தது என்று சொல்வார்களே, அன்றைக்கு என் கார்புரேட்டரைவிட நான்தான் அதிகமாகப் பொங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவன்தான் கொண்டுபோய் விட்டான். சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி விளையாட்டாகச் சொன்னாள், "அண்ணன் வண்டில போனா பொடவ கசங்கறதே இல்ல. நம்ம வண்டிய எடைக்குப் போட்ருங்க." விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தளேகாவில் அவன் மச்சினிக்கு வளைகாப்பு. குடும்பத்தோடு லோக்கல் ட்ரெயினில் போனார்கள். வழக்கம்போல வீட்டுச் சாவியைக் கொடுத்து, "செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்து மச்சான்" என்றான். ஸ்கூட்டர் அவன் வாசலில் ஸ்டாண்ட் போட்டு நின்றது.

பகல் இரண்டு மணி. மனைவி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டு ஸ்கூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்ற இரண்டு நிமிடம். கார்புரேட்டரின் மேல் மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ. ஃப்ளோட்டின் பின்னைத் தள்ளினால் ஊசி கையில் வந்துவிடும். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. பதினேழு வருடம் பழகிய கை, அழகாக வேலை செய்தது.

அவன் ஊசி மங்கலாக, பழுப்பேறி இருந்தது. 'தூ, ஒரு பாலிஷ்கூடப் போடாம வெச்சிருக்கான்' என்று நினைத்தேன். அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் ஊசியை அவன் வண்டியில் மாட்டினேன், பிறகு அவனுடையதை என் வண்டியில். திருட்டு என்று நான் நினைக்கவில்லை. ரெண்டும் ஒரே ஊசிதானே, அவனுக்கு எதிலும் நல்லதே அமைகிறது, ஒன்றே ஒன்று எனக்கு வரட்டுமே என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் என்ன ஆயிற்று என்றால், இரண்டு ஸ்கூட்டரும் கிளம்பவில்லை.

என்னுடையது அதே மாதிரி சொட்டிக்கொண்டு நின்றது. அவன் ஊசியைப் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை. எதிரே அவன் உதைக்கிறான், உதைக்கிறான். எட்டு, ஒன்பது, பத்து. எண்ணினேன். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இனித்தது. என் மனைவி பஸ்ஸுக்கு ஓடினாள். அவன் ப்ளக்கைக் கழற்றி வேட்டியில் துடைத்ததைப் பார்த்து நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

புதன்கிழமை அவனுக்கு ஃபேக்டரியில் லேட் மார்க் விழுந்தது. பதினேழு வருடத்தில் முதல் லேட். பெரிய அதிகாரி எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன். திருப்பி மாட்டிவிடலாம் என்று பார்த்தால் அவன் வாசலில் எப்போதும் யாராவது இருந்தார்கள். ஸ்கூட்டரைத் தொட ஒரு பத்து நிமிடம் தனியாகக் கிடைக்கவில்லை. அவன் கழற்றிப் பார்ப்பதற்குள் மாற்றியாக வேண்டும். கண்டுபிடித்துவிட்டால்? அவன் என் மனைவியிடம் சொல்லிவிட்டால்? 'கை சுத்தம், கை சுத்தம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்த வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவனே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டான்.

"மச்சான், உன் வண்டி நோய் என் வண்டிக்கும் ஒட்டிக்கிச்சு. நீதான் ஒரு மாசமா இதுல பிஎச்டி பண்ணினுகீற. வா, ரெண்டு பேரும் பாக்கலாம்."

நான் ஏதேதோ சொன்னேன். தலைவலி என்றேன். வெயில் என்றேன். அவன் அதற்குள் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். என் மனைவி காபி கொண்டுவந்து நின்றாள். அவன் பின்னைத் தள்ளி, ஊசியை இரண்டு விரலில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த பீஸ்களை ஒரே தட்டில் வைத்தால், டோக்கன் நம்பர் பார்க்காமலே இது யார் கை என்று சொல்லிவிடுவோம். சிலர் பாலிஷில் கோடு விழும், சிலர் ஓரத்தைக் கொஞ்சம் அதிகம் தேய்ப்பார்கள். என் பாலிஷில் கோடே இருக்காது, நுனி மட்டும் லேசாக உருண்டிருக்கும். பக்கத்து பெஞ்சில் பதினேழு வருடம் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா? கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு, என் கையெழுத்தோடு, அவன் விரலில் இருந்தது அந்த ஊசி. பல்பொடி வாசம்கூடப் போயிருக்காது.

அவன் ஊசியைத் திருப்பினான். இன்னொரு முறை திருப்பினான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னாண்ணா, ஊசி கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள் என் மனைவி.

அவன் காபி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

"தேஞ்சி போச்சுமா. எட்டு வருஷம் ஓடின வண்டி இல்ல? புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டா சரியாப் பூடும்."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "உன் வண்டிய தொற மச்சான்" என்றான். நான் திறந்தேன். வேறு வழியில்லை. உள்ளே அவனுடைய பழுப்பேறிய ஊசி இருந்தது. அவன் அதைப் பார்த்தான், தொடவில்லை. ஃப்ளோட்டை மட்டும் எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினான். பிறகு என் காதில் வைத்துக் குலுக்கினான். உள்ளே சளக் சளக் என்று சத்தம்.

"ஃப்ளோட்டு ஓட்ட. உள்ள பெட்ரோல் பூந்துக்கிச்சு. மெதக்காம முழுகுது. ஊசி மேல தப்பே இல்ல."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த ஃப்ளோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ஊசியைத் தேய்த்திருக்கிறேன். ஒரு முறை குலுக்கிப் பார்க்கவில்லை. தேய்க்கத் தேய்க்க ஊசி குட்டையாகி, ஏற்கெனவே வழிகிற வண்டியை இன்னும் வழியவிட்டிருக்கிறேன். அதைக் கொண்டுபோய் நன்றாக ஓடுகிற வண்டியில் மாட்டி அதையும் கெடுத்திருக்கிறேன். ஃபிட்டராம், பெரிய ஃபிட்டர்.

அவன் காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். திங்கட்கிழமை அவன் புது ஊசி வாங்கிப் போட்டான், நான் புது ஃப்ளோட் வாங்கிப் போட்டேன். இரண்டு வண்டியும் சரியாகிவிட்டன. அவன் ஊசியை அவன் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது, எந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவனோ எப்போதும்போல "மச்சான்" என்றான், டிபன் டப்பாவைத் திறந்து பங்கு கொடுத்தான். பெருந்தன்மையிலும் என்னை ஜெயித்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நன்றி என்று ஒன்று எனக்கு அப்போது வரவே இல்லை.

மூன்றாவது வாரம் அவன் ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியில் ஒரு கொக்கி முளைத்தது. அவனே வெட்டி, அராவி, ரிவெட் அடித்தது. அதில் ஒரு சின்னப் பூட்டு. ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. பரவாயில்லை, இவனும் மனுஷன்தான், இவனுக்கும் உள்ளே ஏதோ குத்தியிருக்கிறது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி சாயங்காலம் வரை இருந்தது.

சாயங்காலம் என் மனைவி எதிர்வீட்டிலிருந்து வேகமாக வந்தாள். கையிலிருந்த கிண்ணத்தை டங்கென்று மேடையில் வைத்தாள்.

"பாத்தீங்களா அந்தப் பூட்ட?"

"எந்தப் பூட்டு?"

"எந்தப் பூட்டா? கண்ணு தெரியலயா? ஸ்கூட்டருக்குப் பூட்டு! அண்ணி கைல கேட்டேன். ஏரியால பெட்ரோல் திருடறாங்கன்னு அண்ணன் மாட்டினாராம். இந்த லைன்ல யாருங்க திருடன்? அவங்க வாசலுக்கு எதிர்ல கீறது நாமதான். வீட்டுச் சாவிய நம்ம கைல குடுப்பாங்களாம், ஸ்கூட்டருக்கு மட்டும் பூட்டு போடுவாங்களாம். இன்னா நாயம் இது?"

"வுடு. அவன் வண்டி, அவன் பூட்டறான்."

"எப்படி வுடறது? பதினேழு வருஷமா ஒரு வாஷர் எடுத்தாராத மனுஷன் நீங்க. உங்க மூஞ்சிக்கு எதுக்க பூட்டுத் தொங்க வுட்டா நான் பாத்துக்கினு இருக்கணுமா? அண்ணனா இருந்தா இன்னா, நேராவே கேட்டுட்டு வரேன்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் லைன் முழுக்கக் கேட்கும்படிதான் பேசுவாள். எதிரே அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தான். இவள் போய்க் கேட்டால் அவன் என்ன சொல்வான்? ஒன்றும் சொல்ல மாட்டான். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வான். அது எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. வாசற்படியில் போய் குறுக்கே நின்றேன்.

"போகாத."

"தள்ளுங்க."

"அந்தப் பூட்டு எனக்குத்தான்."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

"அது இல்ல. நான் எடுத்தேன். அவன் வண்டியில இருந்து ஊசிய நான் எடுத்துக்கினேன். என்னுத அதுல மாட்டிட்டேன். அவங்க தளேகாவ் போனாங்க இல்ல, அன்னிக்கி."

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். செருகிய முந்தானையை மெதுவாக எடுத்துவிட்டாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பல்பொடியிலிருந்து சளக் சளக் வரைக்கும்.

"எதுக்கு?" என்று கடைசியில் கேட்டாள்.

"பொறாம."

இதைச் சொல்ல நான் ரொம்ப யோசித்தேன் என்றெல்லாம் இல்லை. வாயிலிருந்து அதுதான் வந்தது.

அவள் எதிர்வீட்டைப் பார்த்தாள். எதிர்வீட்டு அண்ணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இவளைப் பார்த்துக் கையாட்டினாள். இவளும் கையை ஆட்டினாள்.

"அண்ணிக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள். "பெட்ரோல் திருடன்னுதான் நம்பினுகீது. கட்டின பொண்டாட்டி கைலகூட சொல்லல அந்த ஆளு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பொறாமப்பட்டீங்களே, சரியான ஆளப் பாத்துதான் பட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டு எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பி வாசலில் காத்திருந்தேன். அவள் கைப்பையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள், வீட்டைப் பூட்டினாள், சாவியை என் கையில் கொடுத்தாள். பிறகு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்து போனாள்.